முப்பத்தெட்டும் மூன்றும்

பேருந்து எங்களை இறக்கிவிட்ட இடத்தில்
கடை இல்லை, கோபுரம் இல்லை,
கடலும் இல்லை.
மூடுபனிக்குள் எங்கேயோ அது
தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.

கலீசியக் கரையின் கடைசி மடிப்பில்
அரெயாவெல்லா.
வீடுகள் அறுபது, புகைவது இருபது.
நாவலில் இந்த ஊருக்கு வேறு பெயர்.
பாறையைப் பார்த்ததும் தெரிந்துவிடும் என்று
முன்னுரையில் சொல்லியிருந்தார்கள்.
பாறையும் தெரியவில்லை.

என்னோடு இறங்கியவர்கள் நால்வர்.
லியோனிலிருந்து வந்த பல் மருத்துவர்
அட்டை கிழிந்த பிரதியை
மழைக்கோட்டுக்குள் பூனைக்குட்டிபோல் வைத்திருந்தார்.
“நாற்பத்தொன்று” என்றார்,
வணக்கம் சொல்வதற்குப் பதிலாக.

படித்தவர்களுக்குத் தெரியும்:
லாந்தரோடு அவள் இறங்கிப் போகும் படிகள்
நாற்பத்தொன்று.
படிக்கு ஒரு பக்கம்.
கடைசிப் பக்கத்தில் தண்ணீர்.

எண்ணிக்கொண்டே இறங்கினோம்
மூன்று மொழிகளில், உதடு மட்டும் அசைய.
முப்பத்தெட்டு வரை கருங்கல்.
ஈரக் கூடைகளும் வெறுங்கால்களும்
நடுவில் குழித்த வழவழப்பு.
முப்பத்தொன்பது
நாற்பது
நாற்பத்தொன்று
சிமெண்ட்.
கடைசிப் படியில் ஒரு நாயின் தடம்,
காயுமுன் ஓடியிருக்கிறது.

எலாடியோவின் கைவேலை அது.
மூன்று படி குறைகிறதென்று
முதலில் வந்த வாசகர்கள் புகார் எழுதினார்களாம்.
ஒருவர் அளவுநாடாவோடு வந்தாராம்.
எழுதியவரைக் கேட்க வழியில்லை,
செத்துப் பதினாறு வருடம்.
நாவலைத் திருத்துவதைவிட
சிமெண்ட் மலிவு.
டிசம்பர் அலை ஒன்றையாவது பெயர்த்துக்கொண்டு போகும்,
ஈஸ்டருக்குள் எலாடியோ மறுபடி ஊற்றுவான்.
படித்தாயா என்று கேட்டேன்.
“நீளம் அகலம் உயரம் சொல்லிவிட்டார்கள்” என்றான்,
“அதற்குமேல் என்ன இருக்கிறது அதில்?”

எற்பாட்டு வெயில் பனியைக் கிழித்தபோது
பாறை இருந்தது. சின்னதாக.
அதன் விலாவில் கயிறு கட்டித் தொங்கியபடி
ஒருத்தி பெர்செபே சுரண்டிக்கொண்டிருந்தாள்,
கல்லில் கொத்துக் கொத்தாய்
கால்விரல்கள்போல் முளைத்துக் கிடக்குமே, அதை.
அலை வருமுன் ஏறினாள்,
போனதும் இறங்கினாள்,
எதையும் எண்ணாமல்.

ஃபீஸின் மதுக்கடையில்
பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டினாள்.
தோரிந்தா.
நாவலில் வருகிற பெண்
இவள் அம்மாதான், ஒப்துலியா,
என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.
பல் மருத்துவர் எழுந்து நின்றார்.

“முழுகினாளா? எங்கம்மாவா?
எண்பத்தேழு வயசில் கட்டிலில் போனாள்,
சூப்பில் உப்பில்லையென்று திட்டிக்கொண்டு.”
“அப்போது அந்த லாந்தர்?”
“அது நிஜம். நண்டு பிடிக்க.”

பிறகு ஃபீஸைப் பார்த்தாள்.
அவன் கல்லாவுக்கடியிலிருந்து
எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்துப் போட்டான்.
ஒப்துலியாவுக்கு எழுத்து வராது.
பக்கத்தின் தலையில் ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தாள்,
அதுதான் அவர்.
கீழே பென்சில் கோடுகள்,
கோட்டுக்கு ஒரு கூடை மத்தி,
ஒரு குளிர்காலம் முழுக்கக் கடன்.
அவள் கதையை முடித்து
கையெழுத்துப் பிரதியோடு பஸ் ஏறிப் போனவர்
திரும்பி வரவில்லை.

பல் மருத்துவரின் விரல்
கோடு கோடாக நகர்ந்தது.
உதடு அசைந்தது.
கடை முழுக்க
ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும்.
முப்பத்தேழில் இருந்தார் என்று நினைக்கிறேன்,
தோரிந்தா ஈரக் கையால் நோட்டை மூடினாள்.
“எண்ணாதீர்கள். வரவேண்டிய பணம் அது.”

அவர் பையைத் துழாவிப்
பத்து யூரோ ஒன்றை மேசையில் வைத்தார்.
அவள் யோசித்தாள்.
ஒரு கூடைக்கு எவ்வளவு என்று ஃபீஸிடம் கேட்டாள்,
அன்றைய விலையா இன்றைய விலையா என்று
இருவரும் கொஞ்சம் சண்டை போட்டார்கள்.
மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்து,
நோட்டைத் தன் பக்கம் மட்டும் திறந்து
ஒரு கோட்டை அடித்தாள்.

வெளியே பேருந்து இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.